எலும்பு வைத்தியரும் சட்ட விலக்கும்

அரசாங்கத்தார் ஒரு தொழிலை உரிமம் பெறாத எவரும் நடத்தலாகாதென்று விதிக்குங்கால், அவ்விதியை அடுத்து, ‘இஃது இன்னார்க்குப் பொருந்தாது’ என்று தொடங்கும் பிரிவொன்றையும் எழுதிவைப்பது வழக்கம். சட்டத்தைப் படிப்போர் பெரும்பாலும் விதியை ஊன்றிப் படித்து விலக்கை மேலோட்டமாகப் பார்த்துச் செல்கின்றனர். ஆயினும், சட்டஞ் செய்தோர் யாரை அஞ்சினர், யார்க்கு இரங்கினர், யாரை அடியோடு மறந்தனர் என்பவற்றை அறியவேண்டின் விலக்கையே நோக்குதல் வேண்டும். கையினால் எலும்பையும் மூட்டையும் செம்மைசெய்யும் வைத்தியர் திறத்தில் இவ்வுண்மை நன்கு விளங்குதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சி நம் கம்பம் பள்ளத்தாக்கிற்கு அயலானதன்று. உத்தமபாளையம் வட்டத்து ஓடைப்பட்டியை எடுத்துக்கொள்வோம். திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. கல்தூண் நாட்டிக் கம்பியிழுத்த பந்தலின் கீழ் நின்று, இரு கைகளையுந் தலைக்குமேல் உயர்த்தி, கழுத்தை அண்ணாந்தபடியே நாள் முழுதுங் கவாத்துச் செய்பவர்க்கும் குலை அறுப்பவர்க்கும் கழுத்துப் பிடிப்பும் தோட்பட்டை வலியும் இயல்பாகவே வந்தடையும். பள்ளத்தாக்கின் பிற ஊர்களிலிருந்தோ, விடியுமுன் ஜீப் வண்டிகளில் நெருக்கியமர்ந்து கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி, ஏலத்தோட்டங்களில் வேலைசெய்து மாலையில் மீளும் பெண்கள் மிகப்பலர். சரிவிற் கால் இடறி வீழ்ந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வதும் கணுக்கால் பிறழ்வதும் இவர்க்குப் புதியனவல்ல. க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாட் கூலி போம். துணைக்கு வருபவரின் கூலியும் உடன்போம். ஆகவே, பக்கத்திற் சுளுக்கு எடுப்பவர் ஒருவர், அல்லது கட்டுக் கட்டுபவர் ஒருவர், இருப்பாராயின் அவரையே முதலில் நாடுகின்றனர். “கழுத்து திரும்ப மாட்டேங்குது பெரியப்பா” என்று வருபவளை, “இரு தாயி, அசையாதே” என்று திண்ணையில் அமர்த்தி, எண்ணெய் தடவி நீவி, ஒரு திருப்புத் திருப்பிவிடும் பெரியவரிடம் எந்தப் பதிவு எண்ணும் இராது. அவர் செய்வது சட்டப்படி வைத்தியமா, அன்றா? வைத்தியமாயின் எவ்விலக்கின் கீழ் அவர் அதனைச் செய்கின்றார்?

இவ்வினாவை நம்மினும் முன்னர் உரத்து எழுப்பியது அமெரிக்க நாடு. அந்நாட்டில் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில், 1895-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பாமர் என்பவர் செவிப்புலன் குன்றிய ஹார்வி லில்லார்டு என்னுந் துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்தாரெனவும், அதனாற் செவி கேட்கத் தொடங்கிற்றெனவும் கூறுவர். முதுகெலும்பின் பிறழ்ச்சியே நோய்களுக்கெல்லாம் வேர் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையை உடற்கூற்று நூலார் ஒப்பவில்லை, நாமும் ஒப்புதற்கில்லை. எனினும், முதுகுவலியுற்றோர் பலர்க்கு இக்கைம்முறை ஆறுதல் தருகின்றதென்பதை மறுத்தலும் இயலாது. இம்முறைக்குக் ‘கைரோபிராக்டிக்’ என்று பெயரிட்டவர் பாமரிடம் சிகிச்சை பெற்ற சாமுவேல் வீடு என்னும் குருவானவர். கிரேக்க மொழியிற் கையையும் செயலையுங் குறிக்குஞ் சொற்களைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. நம் மொழியிற் ‘கைவைத்தியம்’ என்று அதனை மொழிபெயர்த்தால், நம்மவர் கஷாயத்தையும் சுக்கையுமே நினைப்பர்!

உரிமமின்றி வைத்தியஞ் செய்தாரென்று 1906-ஆம் ஆண்டில் பாமர் தண்டிக்கப்பட்டார். அபராதஞ் செலுத்த மறுத்துச் சிறைபுகுந்தார். 23 நாட்கள் கழிந்தபின் அதனைச் செலுத்தி வெளிவந்தார். அடுத்த ஆண்டில், விஸ்கான்சின் மாநிலத்து லா கிராஸ் நகரில், மொரிகுபோ என்னும் ஜப்பானியர் அதே வகையான குற்றச்சாட்டுக்கு உள்ளானார். அவர் வழக்கறிஞர், ‘இவர் மருந்து கொடுத்தாரல்லர், கத்தி எடுத்தாரல்லர், இவர் செய்தது வைத்தியமே அன்று, வேறொரு தொழில்’ என்று வாதித்தார். சான்றாயர் அதனை ஏற்று அவரை விடுவித்தனர். இத்தீர்ப்பைச் சற்று நின்று நோக்குதல் தகும். பாமர் சட்டத்தை எதிர்த்து நின்றார். மொரிகுபோ சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றார். பின்னதே பிற்காலத்தார்க்கு வழியாயிற்று. ‘எம்மை வைத்தியச் சட்டத்தினின்று விலக்குக, எமக்கென்று தனிச் சட்டஞ் செய்க’ என்று அத்தொழிலார் மாநிலந்தோறும் கேட்கலாயினர். 1913-ஆம் ஆண்டில் கான்சாஸ் மாநிலம் முதலில் இசைந்தது. கலிபோர்னியாவிற் பலர் சிறைசென்றபின், 1922-ஆம் ஆண்டில் பொதுமக்கள் வாக்களித்தே சட்டத்தை நிறைவேற்றினர். லூசியானா மாநிலம் 1974-ஆம் ஆண்டில் இறுதியாக இசைந்தது. விலக்குக் கேட்டுத் தொடங்கிய போராட்டம் உரிமம் பெற்று முடிதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

உரிமம் வந்தவுடன் வேறொரு வேடிக்கை நிகழ்ந்தது. நேற்றுவரை விலக்குக் கேட்டவர், இன்று பிறர்க்கு விலக்கு அளிப்பவராயினர். அம்மாநிலங்களின் சட்டங்களில் ஆசிரியரின் மேற்பார்வையிற் பயிலும் மாணவர், மத்திய அரசின் படைகளிற் பணிபுரிவோர், பிற மாநிலத்திலிருந்து சிலநாள் வந்துபோகும் உரிமம் பெற்றோர், தத்தம் உரிமத்தின் எல்லைக்குள் முதுகைத் தொடும் பிற மருத்துவர் என்றிவ்வாறாய விலக்குக்களை நாம் காண்கின்றோம். இவையெல்லாம் ஒருவகையில் ஒத்தன. எங்ஙனமெனின், விலக்குப் பெறும் ஒவ்வொருவர்க்கும் பின்னே பொறுப்பேற்கும் ஒருவரோ ஓர் அமைப்போ இருத்தல் காணலாம். மாணவர்க்கு ஆசிரியர், படைவைத்தியர்க்குப் படை, அயல் மாநிலத்தார்க்கு அவர்தம் மாநிலத்து வாரியம். யாரும் பொறுப்பேலாத விலக்கு ஆங்கு அரிது.

இங்கிலாந்து தேசம் வேறு வழியிற் சென்றது. ஆங்கு 1858-ஆம் ஆண்டின் வைத்தியச் சட்டம் பதிவேட்டைத் தோற்றுவித்ததேயன்றிப் பதிவில்லாதார் வைத்தியஞ் செய்வதைத் தடுக்கவில்லை. பதிவுபெற்ற வைத்தியரென்று பொய்யாகச் சொல்லிக்கொள்வதையே தடுத்தது. இதனால் ஹெர்பர்ட் பார்க்கர் என்னும் எலும்பு வைத்தியர், பட்டமொன்றுமின்றியே, லண்டன் மாநகரிற் பெருஞ்செல்வர்க்கும் பந்தாட்ட வீரர்க்கும் முழங்காலைச் சரிசெய்து புகழெய்தினார். அவர் தொழிலைச் சட்டந் தொடவில்லை. ஆனால் அவர் நோயாளிகளுக்கு மயக்கமருந்து கொடுத்துதவிய ஆக்ஸம் என்னும் பட்டம்பெற்ற டாக்டரின் பெயர் 1911-ஆம் ஆண்டில் பதிவேட்டினின்று நீக்கப்பட்டது. 1922-ஆம் ஆண்டில் பார்க்கர் ‘சர்’ பட்டம் பெற்றார். ஆக்ஸமோ 1926-ஆம் ஆண்டிற் பெயர் மீளாமலே மாண்டார். பதிவில்லாதவர்க்கு மாலையும் பதிவுள்ளவர்க்குத் தண்டனையும்! ஆயினும் இம்முறையில் ஒரு தீங்கு மறைந்திருந்தமை கருதற்பாலது. பதிவுபெற்ற டாக்டர்கள் பதிவில்லாதார் அருகே செல்லவும் அஞ்சினர். அஞ்சவே, தவறு நேர்ந்தபொழுது எலும்பு வைத்தியர் உதவிகேட்டு ஓடுதற்கு இடமில்லாதுபோயிற்று. பிற்காலத்தில் அந்நாடும் தன் வழியை மாற்றிக்கொண்டு, கைரோபிராக்டர்க்கென 1994-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றிற்று.

நிற்க. நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம்.

சென்னை மாகாணத்தில் 1914-ஆம் ஆண்டின் வைத்தியப் பதிவுச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தின் சாயலிலேயே அமைந்தது. மேனாட்டு வைத்தியம் பயின்றோர்க்குப் பதிவேடு. சட்டப்படி செல்லத்தக்க சான்றிதழ் வழங்கும் உரிமை முதலியன அவர்க்கே. கிராமத்து வைத்தியரை அச்சட்டம் தண்டிக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. இப்புறக்கணிப்பைக் குறித்து எழுந்த குறைகளைக் கேட்ட அரசாங்கத்தார், 1921-ஆம் ஆண்டில் முகம்மது உஸ்மான் அவர்கள் தலைமையில் ஒரு குழு நியமித்தனர். காப்டன் ஸ்ரீநிவாசமூர்த்தி அவர்கள் அதன் செயலாளர். 1923-ஆம் ஆண்டில் அக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதன் பயனாகச் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி தோன்றிற்று. சித்தம், ஆயுர்வேதம், யுனானி என்னும் மூன்றுக்கும் பள்ளியும் பின்னர்ப் பதிவேடும் வந்தன. ஊர்ப்புறத்துப் பலகைகளில் ‘ஆர்.ஐ.எம்.பி.’ என்னும் எழுத்துக்களை வாசகர் கண்டிருப்பர். இந்திய வைத்தியத்திற் பதிவுபெற்றவர் என்பதே அதன் பொருள்.

ஆயின், நூல் கற்ற பண்டிதர் இப்பதிவேட்டில் எளிதிற் புகுந்தாராக, கையன்றி வேறு நூலறியாத கட்டு வைத்தியர் பலர் அதன் வாயிலையே அணுகவில்லை. அவர் கல்வி எத்தகையதென்பதற்குப் புத்தூர் சான்று பகரும். அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததும் இப்பொழுது ஆந்திர மாநிலத்தில் உள்ளதுமாகிய புத்தூரை அடுத்த ராசபாளையம் என்னும் சிற்றூரில், 1881-ஆம் ஆண்டுமுதல், கேசவராஜு என்பாரின் குடும்பத்தார் முறிந்த எலும்புக்குக் கட்டுக் கட்டி வருகின்றனரென்பது வழிவழிச் செய்தி. பச்சிலை விழுதும் முட்டையும் பூசி, மூங்கிற்பத்தை வைத்துத் துணியாற் சுற்றுவது அவர் முறை. தந்தை கட்டுவதை மகன் பிடித்துக்கொண்டு நிற்பான். பல்லாண்டு நின்றபின் மகன் கட்டத் தந்தை பார்த்திருப்பார். இதுவே அவர்தம் கலாசாலை, இதுவே தேர்வு. இன்று தமிழ்நாட்டின் எந்நகரிலும் ‘புத்தூர் கட்டு’ என்னும் பலகையைக் காணலாம். அவற்றுள் அக்குடும்பத்தோடு யாதொரு தொடர்பும் இல்லாதன எத்தனையென்று கண்டறிவார் யாருமிலர். பெயரைக் காக்கும் சட்டமின்மையின் விளைவு இது.

சுதந்திரத்தின்பின் 1970-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் சட்டம் வந்தது. அதன் 17-ஆம் பிரிவு, ஏற்கப்பட்ட தகுதியுடன் பதிவேட்டிற் பெயரும் உடையாரே இந்திய வைத்தியஞ் செய்யலாமென்றும், மீறுவோர்க்கு ஓராண்டு வரையிற் சிறையோ, ஆயிரம் ரூபாய் வரையில் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாமென்றும் கூறிற்று. உடனே விலக்கும் கூறிற்று. பட்டமில்லாவிடினும் மாநிலப் பதிவேட்டில் முன்னரே பெயருள்ளவர் தொழிலைத் தொடரலாம். பதிவேடே இல்லாத மாநிலமாயின், சட்டந் தொடங்கும் நாளில் ஐந்தாண்டுகட்குக் குறையாது தொழில் செய்திருந்தவர் தொடரலாம் என்பவை அவற்றுள் முக்கியமானவை.

இவ்விலக்கு இரக்கமுடையது போலத் தோன்றும், ஓரளவு இரக்கமுடையதே. முப்பதாண்டு ஒரு தொழிலைச் செய்து ஊரார் நம்பிக்கையைப் பெற்ற முதியவரை ஒரு நாட் காலையிற் குற்றவாளியாக்குதல் நீதியன்று என்பதை அது உணர்ந்தது. ஆனால் அதன் பார்வை பின்னோக்கியது. அன்று தொழில் செய்துகொண்டிருந்த ஆளை அது காத்தது. அவர் கையிலிருந்த தொழிலைக் காத்திலது. பத்தை பிடித்துக்கொண்டு அருகே நின்ற பதினைந்து வயதுச் சிறுவனைப்பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. முதியவர் மறைந்த நாளில் விலக்கும் மறைந்தது. சிறுவனோ கலையறிந்தும் உரிமையற்றவனாயினான். உரிமை வேண்டின் அவன் பள்ளிப் படிப்பை முடித்து, நுழைவுத் தேர்வில் வென்று, பாளையங்கோட்டை போன்ற இடத்துச் சித்த மருத்துவக் கல்லூரியிற் சேர்தல் வேண்டும். ஆங்கு வர்மமும் புறமருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன என்பது மகிழ்ச்சிக்குரியதே. கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளில் எத்துணைபேர் அவ்வாயிலிற் புகுதல் கூடும் என்பதைப் பள்ளத்தாக்கினர் தாமே அறிவர்.

இனி, நம் மலைக்கு அப்பாற் காண்போம். லோயர் கேம்பிலிருந்து வளைந்தேறிக் குமுளியை அடைந்தால் வேறு அரசின் எல்லை. அங்கே திருவிதாங்கூர்-கொச்சி வைத்தியர் சட்டம் 1953-ஆம் ஆண்டு முதல் வழங்கிற்று. கன்னியாகுமரிப் பகுதி 1956-ஆம் ஆண்டு நவம்பர் வரையில் அவ்வரசைச் சேர்ந்திருந்தமையின், ஆங்குள்ள வர்ம ஆசான்மாரும் தொடக்கத்தில் அச்சட்டத்தின் கீழ்ப்பட்டோரே. அதன் 38-ஆம் பிரிவு பதிவில்லாதார் தொழில் செய்வதை விலக்கியதாயினும், அரசாங்கம் விரும்பின் அறிவிப்பு வெளியிட்டுச் சிலர்க்கு விலக்களிக்கலாமென்று இடம்வைத்தது. சென்னைச் சட்டம் கிராம வைத்தியரைக் கண்டுங் காணாது விட்டது. திருவிதாங்கூர்ச் சட்டமோ அவரைக் கண்டு, தடுத்து, பின் கருணைக்கு ஒரு கதவு திறந்துவைத்தது. ஒரே மலையின் இருபுறத்தும் ஒரே தைலத்தைத் தடவுவார் இருவர், இருவேறு நிலையில் நின்ற விந்தை இது.

அக்கதவைப் பற்றியே பெருவழக்கொன்று எழுந்தது. கேரளத்துப் பாரம்பரிய வைத்தியர் மன்றத்தார், தாம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருந் தொழிலைப் பட்டமும் பதிவுமின்றித் தொடர உரிமை வேண்டுமென்று உச்சநீதிமன்றம் வரை சென்றனர். 2018-ஆம் ஆண்டு ஏப்பிரல் 13-ஆம் நாள் நீதிபதிகள் அகர்வாலும் சாந்தனகௌடரும் அவ்வேண்டுகோளை மறுத்தனர். ஏற்கப்பட்ட தகுதியில்லாதார் மக்களுயிரோடு விளையாடுதற்கு இடந்தரலாகாதென்பதும், கல்லூரிகள் மிகுதியாகத் தோன்றிவிட்ட பின்னர்ப் பழைய நிலையைக் காட்டி உரிமை கோரலாகாதென்பதும் தீர்ப்பின் சாரம். 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்திற் கேரளம் 2021-ஆம் ஆண்டிற் புதுச் சட்டம் இயற்றிற்று. மத்தியச் சட்டமும் மாறி, 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2020-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையச் சட்டம் பெற்றது. பதிவேட்டிற் பெயருள்ளாரே தொழில் செய்யத்தக்கார் என்னும் விதியில் மாற்றமில்லை.

தீர்ப்பைக் கடிதென்று சொல்வார் உளர். நீதிபதிகளின் அச்சம் வீணானதன்று என்பதை நாம் ஒளிவின்றிக் கூறவேண்டும். புத்தூரிற் கட்டு தொடங்கியதாகச் சொல்லப்படும் அதே 1881-ஆம் ஆண்டில், ஜெர்மானிய அறுவை வைத்தியர் வோல்க்மன், இறுகக் கட்டிய கட்டின் உள்ளே இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை மடிந்து கை கொக்கிபோல் முடங்கிவிடும் நோயை விவரித்தெழுதினார். முறிந்த இடம் வீங்கும், கட்டு விரியாது, வீக்கம் உள்நோக்கி அழுத்தும். சில மணி நேரங்களுக்குள் தசை மாளத் தொடங்கும். கட்டுக்குக் கீழே விரல் குளிர்தல், வெளிறுதல் அல்லது நீலம் பாய்தல், மரத்துப்போதல், விரலை நீட்டிவிட்டால் தாங்கொணா வலி உண்டாதல் என்பன அதன் அறிகுறிகள். கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்கு விரைந்தாற் கை பிழைக்கும். ‘நாளை பார்ப்போம்’ என்றால் அக்கையைக் கொண்டு இனி ஒரு குலையும் அறுத்தல் இயலாது. சிறுவர் முழங்கையின் மேலெலும்பு முறியுங்கால் இவ்வபாயம் மிகுதி. பட்டம் பெற்றவர் போடும் மாக்கட்டிலும் இது நேர்வதுண்டு. ஆனால் அவர் அதனை எதிர்நோக்கிக் காத்திருக்கப் பயின்றவர். கழுத்தைச் சடக்கெனத் திருப்பும் முறையிலும் அபாயமுண்டு. கழுத்தெலும்பின் வழியே மூளைக்கேறும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருதல் அரிதாயினும் அறியப்பட்டதொன்று. உலக சுகாதார நிறுவனம் 2005-ஆம் ஆண்டிற் கைரோபிராக்டர்க்கு வகுத்த பயிற்சி நெறியில், எவர்க்குக் கை வைக்கலாகாதென்று அறிதலை இன்றியமையாததாகக் கூறியது இதுபற்றியே.

ஆதலின், எல்லார்க்கும் விலக்களித்தலை நாம் வேண்டேம். எல்லாரையும் ஒருங்கே தடுத்தலும் பயன்படாதென்பது எம் கருத்து. தடுத்தலால் ஓடைப்பட்டியாள் மருத்துவமனைக்குச் சென்றுவிடப் போவதில்லை. திண்ணையில் நடந்தது கொல்லைப்புறத்தில் நடக்கும். அதனினுங் கொடிது, கட்டுக் கட்டியவர் விரல் நீலம் பாய்தலைக் கண்டும், வழக்கு வருமென்றஞ்சி மருத்துவமனைக்கு அனுப்பத் தயங்குவார். ஆக்ஸம் காலத்து லண்டனில் டாக்டர் அஞ்சினார். இங்கே கட்டுபவர் அஞ்சுகின்றார். இருவிடத்தும் இழப்பு நோயாளிக்கே.

வேண்டுவது, ஆளின் முதுமையை அளவாகக் கொண்ட விலக்கன்று. செயலை அளவாகக் கொண்ட விலக்கு. தோல் கிழியாத சுளுக்கும் எளிய பிடிப்பும் நீவுதற்கு ஒரு வரம்பிற்குள் இசைவு தரலாம். எலும்பு முறிவாயின் நிழற்படம் எடுத்துப் பார்த்தபின்னரே கட்டுதல், மறுநாட் காலையில் விரல்களைச் சோதித்தல், குழந்தைகளையும் தோல் கிழிந்த முறிவையும் கழுத்து முறிவையும் தொடாது அனுப்பிவிடுதல் ஆகிய நிபந்தனைகளை விதித்தல் வேண்டும். அமெரிக்கச் சட்டங்களிற் கண்டதுபோலப் பொறுப்பேற்பார் ஒருவரும் வேண்டும். வட்ட மருத்துவமனையின் எலும்பு மருத்துவரோ சித்த மருத்துவரோ அப்பொறுப்பை ஏற்கலாம். அங்ஙனம் ஏற்பவரை ஆக்ஸமைப் போலத் தண்டியாதிருத்தலும் வேண்டும். பத்தை பிடிக்குஞ் சிறுவனுக்கு அவர் கீழ்ச் சிலகாலம் பயிற்சி. இவை ஆகாதனவல்ல. பாரம்பரிய வைத்தியரின் திறமையைத் தேர்ந்து சான்றளிக்கும் விருப்பத் திட்டமொன்றை இந்தியத் தரக் குழுமம் ஏற்கெனவே வகுத்துள்ளது. எலும்பு கட்டுதலும் அத்திட்டத்தில் அடங்கும். தேர்வாளர் நேரில் வந்து செய்முறையைப் பார்த்தே சான்றளிப்பர்.

அச்சான்று சட்டப்படி உரிமமாகாது. சட்டமன்றத்தார் ஒரு விலக்குப் பிரிவை எழுதி அதனோடு இணைத்தாலன்றி, அதனைக் கையில் வைத்திருப்பவரும் இல்லாதவரும் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் ஒரு தன்மையரே. அதுகாறும் பந்தலின் கீழ்க் கவாத்துச் செய்வார் சுளுக்குக்குத் திண்ணையையே நாடுவர். நாடுவோர் கட்டுக் கட்டிய அன்றிரவு ஒருமுறையும் விடிந்தபின் ஒருமுறையும் விளக்கொளியில் விரல் நுனிகளை அழுத்திப் பார்த்து, வெளிறிய நகம் மீண்டுஞ் சிவக்கின்றதா என்று நோக்குவாராக.